என் மகளின் மவுத் அறிவிப்பு

என் மகள் இறந்துவிட்டாள் என்று பள்ளிவாசல் மைக்கில் நானே அறிவித்தேன். செவ்வாய்க்கிழமை, காலை பதினொன்றரை மணி. அவள் சாகவில்லை. சினிமாவுக்காகச் சொன்னது.

பிராட்ஃபோர்டில் எங்கள் தெருக்களில் ஒவ்வொரு அடுக்களையிலும் ஒரு சின்னப் பெட்டி இருக்கும். பள்ளிவாசலில் மைக்கைத் திறந்தால் அது பேசும். பாங்கு, வெள்ளிக்கிழமை பயான் பிரசங்கம், காணாமல் போன சாவி, மவுத் எல்லாம் அதில்தான் வரும். மவுத் அறிவிப்பு மட்டும் இருபது வருஷமாக என் வேலை. நான் மார்க்கம் படித்த ஆலிம் இல்லை. கம்பளி மில்லில் இரவு ஷிப்டில் மெஷின் சத்தத்துக்கு மேல் கத்திப் பழகிய தொண்டை. மில் மூடிய பிறகு டாக்சி ஓட்டினேன். தொண்டையை மட்டும் பள்ளிக்குக் கொடுத்தேன்.

சினிமாக்காரர்கள் எங்கள் பள்ளியின் கீழ்க்கூடத்தை நாலு நாளைக்குக் கேட்டார்கள். ஒரு குடும்பத்தின் கதை என்று கடிதத்தில் எழுதியிருந்தார்கள். கூரை ஒழுகிக்கொண்டிருந்தது. செயலாளர் ஹாஜி சுல்ஃபிகார் கையெழுத்துப் போட்டுவிட்டார். என்னை இழுத்துப் போனவன் பனாரஸ். மில்லில் என் பக்கத்து மெஷின்காரன், இப்போது டாக்சி. அவனுக்குச் சினிமாவில் முன் அனுபவம் உண்டு.

"ஆறு படம் நடிச்சிருக்கேன் கரமு. நாலுல குண்டு வச்சேன். ஒண்ணுல டாக்சி ஓட்டினேன்."

"பரவாயில்லையே. டாக்சியாவது ஓட்ட விட்டாங்களே."

"அந்த டாக்சியிலயும் குண்டுதான்டா."

"ஆறாவது?"

"அதுல தொழுதேன். தொழுதுகிட்டிருக்கும்போதே போலீஸ் சுட்டுட்டாங்க. ரெண்டு ரக்அத்தாவது முடிக்க விடுங்கன்னு கேட்டேன். டைம் இல்லைன்னுட்டாங்க."

நான் பதினாலு வயதில் இந்த ஊருக்கு வந்தபோது இங்கே எடுக்கும் படங்களில் எங்கள் ஆட்களே கிடையாது. பேருந்தில் உட்கார்ந்திருப்பவனாகக்கூட எங்களைக் காட்டமாட்டார்கள். மில்லில் ஆயிரம் பேர் இருந்தோம். படத்தில் மில் வந்தால் வெள்ளைக்காரன் மட்டும் இருப்பான். பிறகு காட்ட ஆரம்பித்தார்கள். காட்டும்போது கையில் ஏதாவது கொடுத்துவிடுவார்கள். குண்டுப் பெட்டி, கத்தி, இல்லையென்றால் மகளின் கழுத்து.

இந்தப் படத்தில் கழுத்து. இரண்டாம் நாள்தான் எனக்குத் தெரிந்தது. வீட்டைவிட்டு ஓடிய மகளைத் தேடிப் பிடித்துக் கொல்கிற தகப்பன் கதை. பாதியில் விட்டுப் போயிருக்கலாம். போகவில்லை. தகப்பனாக நடிப்பவருக்கு உச்சரிப்பு சொல்லிக்கொடுக்க என்னை வைத்திருந்தார்கள். அவர் லண்டன்காரர், பெயர் நீல் தேசாய். மரியாதையான மனிதர். தானே நாற்காலி இழுத்துப் போட்டு என்னை உட்காரவைப்பார்.

அன்று மாடிப்படியில் தகப்பன் மகளை அடிக்கிற காட்சிக்கு ஒத்திகை. நீல் கையை ஓங்கினால் குத்துச்சண்டைக்காரர் போல இருந்தது. இயக்குநர் ஆலிவர், முப்பது வயதுப் பையன், கம்பளித் தொப்பி போட்டுக்கொண்டு தாடையைச் சொறிந்தார்.

"ஏதோ பொய்யா இருக்கு. கரம், உங்க வீடுகள்ல ஒரு அப்பாவுக்குக் கோபம் வந்தா என்ன பண்ணுவார்?"

"செருப்பை மாட்டிக்கிட்டு டீக்கடைக்குப் போயிடுவார்."

எல்லாரும் சிரித்தார்கள். "இல்ல, சும்மா காட்டுங்க. கை எப்படிப் போகும்னு மட்டும்" என்றார்.

காட்டினேன். யோசித்துக் காட்டவில்லை, கை போய்விட்டது. அடிக்கிற கை முதலில் எழும்பாது. இடது கைதான் முதலில் போய் பிள்ளையின் தோளை இறுகப் பிடிக்கும். மாடிப்படி அல்லவா, அவள் விழுந்துவிடக் கூடாது. பிறகுதான் வலது கை வரும்.

எதிரே நின்ற நடிகைப் பெண் என் கை படாமலேயே ஒரு அடி பின்னால் போனாள். 

"அதுதான்" என்றார் ஆலிவர் மெதுவாக. "அப்படியே அசல்."

எங்கே கற்றுக்கொண்டேன் என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனா தெரியாது. என் மகள் ஷாயிஸ்தா ஒன்பது வருஷத்துக்கு முன்னால், பத்தொன்பது வயதில், வீட்டைவிட்டுப் போனாள். அப்போது எங்கள் சொந்த ஊர்ப் பக்கம் தத்யாலில் இருந்த என் அண்ணன் மகன் நிசாருக்கு அவளைப் பேசி, ஊருக்கு விமான டிக்கெட்டும் எடுத்துவிட்டேன். மாட்டேன் என்றாள். மாடிப்படியில் வைத்து ஒரே ஒரு தடவை அடித்தேன். மறுநாள் காலை அவள் படுக்கை மடித்துவைத்தபடி இருந்தது. லண்டனில் ஆஸ்பத்திரி வேலை என்று கேட்டவர்களிடம் சொன்னேன். அவள் எங்கே இருக்கிறாள் என்று எனக்குத் தெரியாது. ஒத்திகை முடிந்த அன்று ராத்திரி படுக்கையில் என் இடது கையைத்தான் தடவிக்கொண்டிருந்தேன். அது பிள்ளையைத் தாங்கப் போன கை என்று இத்தனை வருஷம் நினைத்திருந்தேன்.

மறுநாள் அறிவிப்புக் காட்சி. கொலையான பெண்ணின் மவுத்தைப் பள்ளியில் சொல்ல வேண்டும். காகிதத்தில் 'திரு. கானின் மகள் காலமானார்' என்று இருந்தது.

"இப்படிச் சொன்னா ஊரே அடிச்சுக்கும்" என்றேன். "எந்தக் கான்? இந்தத் தெருவுல மட்டும் நாற்பது கான். எந்த ஊர், எந்தத் தெரு, யார் மக, எல்லாம் சொல்லணும். பொம்பளைப் பிள்ளை பேரைச் சொல்லமாட்டோம், அப்பன் பேரைத்தான் சொல்லுவோம்."

ஆலிவருக்கு முகம் மலர்ந்துவிட்டது. "அப்ப அப்படியே சொல்லுங்க. நிஜமா எப்படிச் சொல்வீங்களோ, அப்படி."

மைக் முன்னால் நின்றேன். ஒலிப்பதிவுக்காரர் அந்தச் சிவப்பு விளக்கு எரிந்தால் படத்தில் நன்றாக இருக்கும் என்றார். இருபது வருஷமாக அழுத்துகிற பொத்தானை அழுத்தினேன். அதை அழுத்தினால் அடுக்களைப் பெட்டிகள் எல்லாம் உயிர்பெறும் என்பது எனக்குத் தெரியும். தெரிந்த விஷயம் கைக்குப் போய்ச் சேரவில்லை. நான் வேறு கவலையில் இருந்தேன். ஒரு தகப்பன் பேர் வேண்டும், ஒரு ஊர் வேண்டும். எந்தப் பேரைச் சொன்னாலும் அந்தப் பேரில் ஒருவன் இந்த ஊரில் உயிரோடு இருப்பான். அவனுக்கு மகளும் இருப்பாள். பள்ளிவாசலுக்குள் நின்றுகொண்டு இன்னொருவன் வீட்டு மேல் மவுத்தை எப்படிப் போடுவது? நாக்கு தன் வீட்டுக்குத்தான் போயிற்று.

"இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். தத்யால் பக்கம் ரட்டாவைச் சேர்ந்த, வார்விக் தெருவில் வசிக்கும் கரம் இலாஹியின் மகள் மவுத்தாகிவிட்டார்."

கூடத்தில் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். ஆலிவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு கைதட்டினார். துணை நடிகர் வரிசையில் உட்கார்ந்திருந்த பனாரஸின் போன் அடித்தது. எடுத்துக் கேட்டான். முகம் சுண்ணாம்பாகிவிட்டது.

"கரமு, என் வீட்டுக்காரி அழறா. மைக்கு ஆன்ல இருக்குடா."

உடனே மைக்கைப் பிடித்து, "இது சினிமா, நிஜமில்லை, யாரும் பதறாதீங்க" என்று மூன்று தடவை கத்தினேன். யார் கேட்பது? மவுத்தைக் கேட்ட பெண்கள் பெட்டியருகில் நிற்பார்களா? துப்பட்டாவை இழுத்துப் போட்டுக்கொண்டு தெருவில் இறங்கிவிட்டார்கள்.

மேட்டில் ஏறி வீட்டுக்கு ஓடினேன். கறிக்கடை ரஃபாகத் பாதிக் கதவை இறக்கிவிட்டு வந்து என்னைக் கட்டிக்கொண்டான். "பொறுமை பாய், அல்லாஹ் கொடுத்தது" என்றான். உதறிவிட்டு ஓடினேன். என் வாசலில் முப்பது ஜோடிச் செருப்பு. முன்னறையில் சோபாவைச் சுவரோடு தள்ளி வெள்ளை விரிப்பு போட்டாகிவிட்டது. ஓதி எண்ணுவதற்குப் பேரீச்சங்கொட்டைப் பையைக் கொட்டி உட்கார்ந்திருந்தார்கள். அடுத்த வீட்டு கைரூன் என் அடுப்பை அணைத்துவிட்டு, மூணு நாளைக்கு யார் யார் சாப்பாடு என்று பேசிக்கொண்டிருந்தாள். பெண்கள் நடுவில் என் மனைவி மக்சூதா. அழவில்லை. என்னைப் பார்த்ததும் எழுந்தாள்.

"எப்படி?"

"சாகல மக்சூதா. சினிமாவுக்குச் சொன்னது. மைக்கு திறந்திருந்திருக்கு."

"உங்க குரல்தானே, ஷாயிஸ்தாவோட அப்பா?"

"என் குரல்தான்."

"நம்ம தெரு பேரைச் சொன்னீங்களே."

"சொன்னேன்."

"எவனாவது தன் மகளை இப்படிச் சொல்லுவானா?"

 இன்னொருவன் மகளைச் சொல்ல மனம் வரவில்லை என்பது மைக் முன்னால் நியாயமாக இருந்தது. அவள் முன்னால் அது வாயிலேயே வரவில்லை.

சினிமா என்ற சொல் அறையில் பரவியது. சிலர் பெருமூச்சு விட்டார்கள். ஒருத்தி சிரிக்கக்கூடச் சிரித்தாள். அப்போது மூலையிலிருந்து ஒரு பெண் குரல், சத்தமில்லாமல், பக்கத்தில் இருப்பவளிடம் கேட்பது போல வந்தது.

"ஒன்பது வருஷமா அந்தப் பிள்ளையை யாராவது பார்த்தீங்களா?"

கொட்டைகள் உருள்கிற சத்தம் நின்றது. யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. கையைப் பார்த்தார்கள்.

ஹாஜி சுல்ஃபிகார் என்னை அடுக்களைக்கு அழைத்துப்போய்க் கதவைச் சாத்தினார்.

"கரம் இலாஹி, இவங்க எடுக்கிற படமெல்லாம் நம்ம மேல சேறுன்னு நான் மேடைபோட்டுப் பேசியிருக்கேன். பத்திரிகைக்கு லெட்டர் போட்டிருக்கேன். எந்த அப்பனும் மகளைக் கொல்றதில்லைன்னு டிவிக்காரன்கிட்ட சண்டை போட்டேன். உனக்கே தெரியும்."

"தெரியும் ஹாஜி சாப்."

"இப்ப எங்கிட்ட நேரா சொல்லு. பொண்ணு உயிரோட இருக்காளா?"

"இருக்கா."

"எங்க?"

"தெரியாது."

"போன்?"

"கிடையாது."

அவர் தாடியைப் பிடித்துக்கொண்டு நின்றார். குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. "அப்ப இருக்கான்னு எப்படிச் சொல்றே?" என்றார். படத்தை இன்னும் எடுத்தே முடிக்கவில்லை. அதற்குள் என் தெருவில் அது ஓட ஆரம்பித்துவிட்டது. அதைவிட மோசம், அந்தக் கேள்வி எனக்குள்ளும் இறங்கிவிட்டது. நான் வாயால் சொன்னது பலித்திருந்தால்?

மக்சூதா மாடியில் இருந்து கூப்பிட்டாள். போனபோது குர்ஆனின் துணி உறையைப் பிரித்து உள்ளிருந்து ஒரு மடித்த காகிதத்தை எடுத்துக்கொண்டிருந்தாள். நம்பர்.

"ஆறு வருஷமா வச்சிருக்கேன். ரெண்டு பெருநாளைக்குப் பேசினேன், தங்கச்சி வீட்டுப் போன்ல. உங்ககிட்டச் சொல்லமாட்டேன்னு சத்தியம் வாங்கினா."

கோபம் வரும் என்று பார்த்தேன். வரவில்லை. "போனை அடி" என்றேன்.

மணி அடித்து அடித்து நின்றது. இரண்டாவது தடவையும் அப்படியே. கீழே மவுத்துக்கு ஓதுகிற யாசீனை ஆரம்பித்திருந்தார்கள்.  மூன்றாவது தடவை எடுத்தாள்.

"அம்மா? வேலையில இருக்கேன். என்ன?"

மக்சூதா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.  போனை நான் வாங்கி ஸ்பீக்கரில் போட்டு, நடந்ததை நானே சொன்னேன். ஒன்பது வருஷத்துக்குப் பிறகு மகளிடம் பேசிய முதல் பேச்சு அது. நீ செத்துவிட்டதாக நான் சொல்லிவிட்டேன் என்பது.



"கூட்டம் நிறையவா?" என்றாள்.

"வீடு கொள்ளல."

"நான் உயிரோட இருந்தப்ப என் பிறந்தநாளுக்கு நாலு பேர் வரல." சிரித்தாள், பிறகு நிறுத்தினாள். "அப்பாஜி, நிசார் இந்த நாட்டுலதான் இருக்கானா இன்னும்?"

"ஹாலிஃபாக்ஸ்ல டாக்சி ஓட்டுறான்."

"என் போட்டோவை எல்லா டாக்சி ஆபீஸுக்கும் கொடுத்திருக்கான். உங்களுக்குத் தெரியுமா?"

தெரியும். அந்தப் போட்டோவை அவனுக்குக் கொடுத்தது நான். முதல் வருஷம், அவன் இங்கே வந்து சேர்ந்ததும், வெறியில் கொடுத்தேன். பிறகு திருப்பிக் கேட்டேன், தரவில்லை.

"ஒன்பது வருஷமா டாக்சி ஏறும்போது முதல்ல டிரைவர் மூஞ்சியைத்தான் பார்க்கிறேன். நம்மாளா இருந்தா மழையிலயே நடந்துடுவேன். நைட் ஷிப்ட் முடிஞ்சு நாலு மைல் நடந்திருக்கேன், அப்பாஜி." மூச்சு வாங்கினாள். "செத்ததாவே இருக்கட்டும்."

"என்ன பேச்சுடி இது?" என்றாள் மக்சூதா.

"செத்தவளை யாரும் தேடமாட்டாங்கம்மா. நான் கேட்டிருந்தா இப்படி ஒண்ணு கிடைச்சிருக்குமா? அவரே சொல்லிட்டார், பள்ளிவாசல்ல நின்னு. நிசார் நம்புவான். எல்லாரும் நம்புவாங்க."

"என்னைக் கொலைகாரன்ம்பாங்க" என்றேன்.

"தெரியும்."

"சாகிறவரைக்கும் சொல்லுவாங்க ஷாயிஸ்தா."

"நீங்க கொல்லலன்னு எனக்குத் தெரியும். அம்மாவுக்குத் தெரியும்." பின்னால் யாரோ அவளைக் கூப்பிடுவது கேட்டது. "முடியாதுன்னா கீழ போய்ச் சொல்லிடுங்க. நம்பரை மாத்திட்டு வேற ஊர் போறேன். எனக்குப் பழக்கம்தான்."

மக்சூதா என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.  நான் கீழே இறங்கினேன்.

"மவுத்துதான்" என்றேன் வெள்ளை விரிப்பில் உட்கார்ந்து. "வடக்கே ஒரு ஊர்ல, நோயில. அங்கேயே அடக்கம் பண்ணிட்டாங்க. சினிமான்னு சொன்னது, எனக்குப் புத்தி தடுமாறிடுச்சு."

யாரும் எந்த நோய் என்று கேட்கவில்லை. ஹாஜி சுல்ஃபிகார் கையேந்தினார். அந்தப் பெண்ணின் கபரை விசாலமாக்கு என்றார், அவள் பிழைகளை மன்னிப்பாயாக என்றார். உயிரோடு வேலையில் நிற்கிற பிள்ளைக்கு நான் ஆமீன் சொன்னேன். மூணு நாளில் எத்தனை ஆமீன் சொன்னேன் என்று கணக்கில்லை.  சொன்னது எங்கே போய்ச் சேருமோ என்று ஒவ்வொரு ராத்திரியும் மக்சூதாவை எழுப்பி, போன் போட்டுப் பார்க்கச் சொன்னேன்.

முதல் நாளே யாரோ சொல்லிப் போலீஸ் வந்தது, இரண்டு பேர். மாடிக்கு அழைத்துப்போய் நம்பரைக் கொடுத்தோம். மறுநாள் அவளை நேரில் பார்த்துவிட்டார்கள். யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று அவள் கேட்டிருக்கிறாள், அவர்கள் சொல்லவில்லை. போலீஸ் வந்ததை மட்டும் தெரு முழுக்கப் பார்த்தது.

மூன்றாம் நாள், மகள் நிஜமாகவே இறந்துவிட்டாள் என்று கேள்விப்பட்டு, ஆலிவர் வெள்ளைப் பூங்கொத்தோடு வந்தார். மன்னிப்புக் கேட்டார், கண் கலங்கினார். அந்தக் குரலைப் படத்தில் வைத்துக்கொள்ளலாமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். வேண்டாம் என்றால் அழித்துவிடுவதாகவும் சொன்னார். மாடிப்படி ஒத்திகையில் என் கையைப் பார்த்த அதே பார்வை.

படம் வரட்டும், நிசார் பார்க்கட்டும் என்று நினைத்தேன். "வச்சுக்கோங்க" என்றேன்.

சாயங்காலம் எல்லாரும் போனபிறகு பனாரஸ் மட்டும் உட்கார்ந்திருந்தான். மூணு நாளும் ஒரு நகைச்சுவைகூட அவன் வாயில் வரவில்லை. விரிப்பின் ஓரத்தை மடித்தான், பிரித்தான்.

"கரமு, நீ பொத்தானை அழுத்தினப்ப நான் எதிர்லதான் உட்கார்ந்திருந்தேன். அன்னிக்கு நீ சொன்னது நடிப்புதான்டா."

நான் சிதறிக்கிடந்த கொட்டைகளைப் பொறுக்கிப் பையில் போட்டேன்.

"பிறகு சாகலைன்னு சொன்னே. அப்புறம் செத்துட்டான்னு சொன்னே. எந்த ஆஸ்பத்திரி?"

"விடு பனாரஸ்."

"எந்தக் கபர்ஸ்தான்? நான் வண்டி எடுக்கிறேன், போய் ஒரு பாத்திஹா ஓதிட்டு வருவோம்."

"விடுன்னு சொன்னேன்."

"ஒரே ஒரு வார்த்தை சொல்லு. நான் பண்ணலைன்னு சொல்லு, போதும். இந்தத் தெருவுல ஒவ்வொருத்தன் சட்டையையும் நான் பிடிக்கிறேன்."

பிடிப்பான். டாக்சி ரேடியோவில் ஊர் முழுக்கச் சொல்லுவான். ஹாலிஃபாக்ஸ் வரைக்கும் கேட்கும். கரமு பண்ணலையாம், அப்ப பொண்ணு எங்கே என்று அடுத்த கேள்வி வரும்.

நான் விரிப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் எழுந்து செருப்பை மாட்டினான். நாற்பது வருஷத்தில் அவன் சலாம் சொல்லாமல் என் வாசலைத் தாண்டியது அன்றுதான்.

அவன் வண்டி கிளம்புகிற நேரத்தில் மாடியில் மக்சூதா போனில் சிரித்தாள். இந்த மூணு நாளாக ஷாயிஸ்தா தானே கூப்பிடுகிறாள், வேலை முடிந்து டாக்சியில் போகும்போது. மக்சூதா நன்றாக, வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தாள். நான் ஓடிப்போய் ஜன்னலைச் சாத்தினேன்.